முந்நூறு லக்ஸ்

சைக்கிள் கடைக்காரருக்கு மடிப்புக்காரர் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. அது இரண்டு மாதச் சம்பளம். கொடுத்தது சைக்கிள் கடைக்காரர்; ஆஸ்பத்திரியில் வாங்கி வந்ததாக வீட்டில் சொன்னது மடிப்புக்காரர்.

அந்தப் பொய்க்குத்தான் இப்போது ஒரு பொத்தானால் ஆபத்து வந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் நிலவறையில் துணி வெளுக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே பத்தொன்பது வருடம் படுக்கை விரிப்பு மடித்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். மூன்று மாதத்துக்கு முன்னால் பிரிவை மூடி, வேலையை வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே மடிப்பதற்கும் மெஷின் இருக்கிறதாம்.

"நாலு மூலையும் சேத்து மடிக்குமா?" என்று கேட்டார் மடிப்புக்காரர்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். போட்டார்.

வீட்டில் சொல்லாததற்குக் காரணம் மனைவியின் கழுத்து. பதினான்கு வருடம் கல்லும் மண்ணும் சுமந்த கழுத்து அது. இன்னும் சுமந்தால் வலது கை விளங்காமல் போகும் என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் மடிப்புக்காரர் பெரிய மனுஷன் போலச் சொல்லிவிட்டார்: "இனிமே நீ வீட்டோட இரு. நான் இருக்கேன்ல." அதன்பிறகு ஆறு வருடம் அவள் வீட்டோடுதான் இருந்தாள். வேலை போன விஷயம் தெரிந்தால் மறுநாள் காலையிலேயே பழைய துணியைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளைத் தடுக்க ஆளும் கிடையாது, நாக்கும் கிடையாது.

அதனால் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு வேலைக்குக் கிளம்பி, பூங்காவில் போய் உட்கார்ந்தார். சும்மா உட்கார்வதும் லேசான வேலை இல்லை. தண்ணீர் குடிக்க எழுந்தால் பெஞ்சு பறிபோகும். தூங்கினால் காவல்காரன் தட்டுவான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். அன்று முழுக்க வாரம் பூராவும் உழைத்துக் களைத்தவனாக நடிக்க வேண்டும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால், வேலை இருந்த காலத்தில், ஏதோ உடல்நல ஆராய்ச்சி என்று ஒரு பெண் நிலவறைக்கு வந்து கருவி வைத்து வெளிச்சத்தை அளந்துவிட்டுப் போனாள். எல்லோரும் அவளை 'லைட்டம்மா' என்றார்கள். பெயர் கொடுத்தவர்களில் மடிப்புக்காரரும் ஒருவர். அவருடைய முறை இப்போது வந்திருந்தது. போனை எடுத்த மனைவி இருவருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

"ஏழு நாள் எதையோ மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா காசு தராங்களாம். வேண்டாம்னு சொல்ல நமக்கென்ன கொழுப்பா?"

திங்கட்கிழமை மடிப்புக்காரர் மட்டும் லைட்டம்மாவின் அறைக்குப் போனார். அவள் மேஜைமேல் இரண்டு ஜோடிக் கருவிகளை எடுத்து வைத்தாள்.

"இது கையில கட்டுற பட்டை. இது சட்டையில குத்துற பொத்தான். ரெண்டுமே வெளிச்சத்தை அளக்கும். பட்டை கை அசைவையும் அளக்கும். எது சரியா அளக்குதுன்னு பாக்கறதுதான் எங்க வேலை. நாள் பூரா நிலவறையில இருந்தா வெயில் பத்தாம தூக்கம் கெடும், மனசு கெடும். உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு முக்கியம்."

"வீட்டுல இருக்கிறவளுக்கு எதுக்கும்மா?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான் ஐயா. வேலைக்குப் போறவர் ஒருத்தர், வீட்டுல இருக்கிறவர் ஒருத்தர்."

"வெயில் எது, நிழல் எதுன்னு இது பிரிச்சுச் சொல்லிடுமா?"

"நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லும். கடைசியில படமா போட்டு உங்க வீட்டுக்கே தபால்ல அனுப்புவோம்."

மடிப்புக்காரருக்குப் பூங்கா பெஞ்சும், அதன்மேல் காலை ஒன்பது மணியிலிருந்து விழும் வெயிலும் கண்முன் வந்தன. அந்த வெயிலைப் படம் போட்டு, உறையில் வைத்து, தபால்தலை ஒட்டி மனைவியின் கையில் கொடுக்கப் போகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க பண்ணும்?"

"நாடி பாக்கும்" என்றார். வெளிச்சம் என்ற சொல்லே வீட்டுக்குள் வரக்கூடாது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"சட்டைக்கு மேலயே நாடி பாக்குமா?"

"அதான் புதுசு."

"எப்பவும் போட்டிருக்கணுமா?"

"தூங்கறப்பவும் குளிக்கறப்பவும் கழட்டலாம். மத்தபடி கழட்டினா காசு கிடையாது. பொத்தானை மூடக் கூடாது, கத்தும். பட்டை சட்டைக் கைக்குள்ள இருந்தா பரவாயில்ல."

கூடவே ஆளுக்கொரு தாள் இருந்தது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 'உள்ளே', 'வெளியே' என்று இரண்டு கட்டம். "எனக்கென்ன, எல்லாம் உள்ளேதான்" என்று அவள் பென்சிலை எடுத்து ஏழு நாளுக்கும் அப்போதே குறி போட்டு முடித்தாள். மடிப்புக்காரரும் அப்படியே போட்டார். இருவர் தாளையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஏறியதும் துணிக்கெல்லாம் கத்தாது என்ற நம்பிக்கையில் பொத்தான்மேல் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்தார். நிலவறை இருட்டு வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார். பத்தாவது நிமிடம் நெஞ்சிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பஸ்ஸில் எல்லோரும் அவரவர் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி டயரைச் சுற்றிவந்தார். மடிப்புக்காரரும் இறங்கினார், இறங்கியவர் திரும்ப ஏறவில்லை.

மூடக்கூடாது என்றால் இருட்டான இடத்துக்குத்தான் போக வேண்டும். பெரிய கடைவளாகம் ஒன்றின் அடியில் கார் நிறுத்துமிடம் இருந்தது. ஒரு தூணோரம் நின்றுகொண்டார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த கார் காவலாளி கிட்டே வந்தான்.

"யாருக்காக நிக்கிறீங்க?"

"முதலாளிக்கு."

"எந்த வண்டி?"

மடிப்புக்காரர் எதிரே இருந்த நீல வண்டியைக் காட்டினார். காவலாளி நல்லவன். ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். அந்த நல்ல மனசுதான் வினையாகிவிட்டது. மதியம் ஒரு அம்மாள் நான்கு பைகளோடு வந்து நீல வண்டியைத் திறந்ததும் அவன் ஓடிப்போய்ச் சொன்னான்: "உங்க டிரைவர் காலைல இருந்து ஒத்தைக் கால்ல காத்திருக்காரும்மா."

"எனக்கு ஏதுப்பா டிரைவர்?"

இருவரும் மடிப்புக்காரரைப் பார்த்தார்கள். அவர் போய் நான்கு பைகளையும் வாங்கி, பெரியது அடியில், சிறியது மேலே என்று டிக்கியில் அழகாக அடுக்கினார். அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையில் ஒரு நாணயத்தை வைத்தாள். மூன்று மாதத்தில் அவர் உழைத்துச் சம்பாதித்த முதல் காசு அது. செலவு செய்ய மனசு வரவில்லை. மறுநாளும் அங்கேயே போனார். காவலாளி ஸ்டூல் தரவில்லை, துரத்தவும் இல்லை.

கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, வேலைக்குப் போகிறவர்களை மட்டும் நடுவில் ஒரு தடவை வரச் சொல்லியிருந்தாள் லைட்டம்மா. புதன்கிழமை மாலை அவர் பொத்தானைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"வெளிச்சம் நாப்பது லக்ஸ்தான் காட்டுது ஐயா. போன வருஷம் உங்க இடத்தை நானே அளந்தேன், முந்நூறு இருந்துச்சு. அதுவும் வெள்ளை விளக்கு. இது மஞ்சளா இருக்கே."

"பல்பு போயிருக்கும்மா."

"அத்தனையுமா?"

"ஒண்ணொண்ணா போச்சு."

"யாரும் மாத்தலையா?"

"சொல்லிப் பாத்தோம். காதுல போட்டுக்கல."

லைட்டம்மாவின் முகம் சிவந்தது. "முந்நூறு இருந்த இடத்தை நாப்பதாக்கி வேலை வாங்கறது அநியாயம். வெள்ளிக்கிழமை காலைல நானே வரேன். திரும்பவும் அளந்து, ஆஸ்பத்திரிக்கு எழுதியே கேப்போம்."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்."

"இதுதான் ஐயா என் வேலை."

தனக்காக ஒருவர் இப்படிக் கோபப்பட்டு மடிப்புக்காரர் பார்த்ததில்லை. வேலை இருந்த பத்தொன்பது வருடத்தில் யாருக்கும் வராத கோபம் இப்போது இவளுக்கு வந்திருக்கிறதே என்று நினைத்தபடி படியிறங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழுதான். மனைவி படுத்திருந்தாள்.

"என்ன, இன்னைக்கும் இப்பவே படுத்துட்ட?"

"வீட்டு வேலைன்னா குறைச்சலா? பெருக்கணும், துடைக்கணும்."

"இருக்கறது ஒன்றரை ரூமு."

"அந்த அரை ரூமைத் துடைச்சுப் பாருங்க, தெரியும்."

வியாழக்கிழமை காலை அவருக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. மனைவி சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏழரை ஆச்சு, கிளம்புங்க. லேட்டா போனா சம்பளத்துல பிடிப்பான்."

"ஒரு நாள் போகாம இருந்தா என்ன பண்ணுவ?"

"வெளிய தள்ளிக் கதவைப் பூட்டுவேன்."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று சிரித்தார். ஆனால் செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க யோசித்துவிட்டு, மாலையில் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் போனார். அங்கே கேட்டில் இருந்தவன் பழைய கூட்டாளி. துவைக்கும் மெஷினில் இருந்தவன். காக்கி கிடைத்ததால் பிழைத்துக்கொண்டவன்.

"என்னப்பா மடிப்பு. செத்துப் போய்ட்டேன்னு நினைச்சேன்."

"நாளைக்கு ஒரு நாள் கீழ விளக்கைப் போடணும்."

"எதுக்கு?"

"உள்ள இருக்கணும்."

கேட்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "வேலை போனவன் வேலை கேட்டு வருவான். கடன் கேட்டு வருவான். நீ வெளிச்சம் கேட்டு வந்திருக்க. வீட்டுல கரண்டு இல்லையா?"

மடிப்புக்காரர் விஷயத்தைச் சொன்னார். கேட்காரன் கேட்டு முடித்துவிட்டுச் சிரிக்க வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"மேல கேட்டா, எலி பிடிக்கப் போட்டேன்னு சொல்றேன். எலி நீதான். சத்தம் போடாம இரு."

வெள்ளிக்கிழமை காலை நிலவறையில் பாதிக் குழல்விளக்குகள் எரிந்தன; மீதி நடுங்கிவிட்டு எரிந்தன. மெஷின்களைத் தூக்கிப் போயிருந்தார்கள். தரையில் அவை நின்ற இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. ஓரத்தில் கால் ஒடிந்த கட்டில்கள். மடிக்க என்ன இருக்கிறது என்று தேடியதில், குழாயின் பின்னால் கிழிந்த விரிப்பு ஒன்று அகப்பட்டது.

சும்மா நின்றால் பட்டை காட்டிக் கொடுத்துவிடும் என்று அதை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பெரிய விரிப்பு. ஒத்தை ஆளால ஆகாது" என்றான் கேட்காரன்.

"அப்ப அந்த முனையைப் பிடி."

"கேட்டை யாரு பாக்கறது?"

"கேட் எங்கயும் போகாது. பிடிப்பா."

பிடித்தான். இருவரும் இழுத்து உதறினார்கள். கிட்டே வந்து மூலைகளைச் சேர்த்தார்கள். விலகினார்கள். முதல் பத்துத் தடவை நடிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அது நடிப்பு என்பது கைகளுக்கு மறந்துவிட்டது. மடிப்புக்காரர் மடித்ததைத் தட்டிச் சமமாக்கி, இல்லாத அலமாரிப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார்.

"பரவாயில்ல. இங்கயே குடு" என்றான் கேட்காரன். வாங்கி, உதறி, மறுபடி அவர் கையில் ஒரு முனையைத் தந்தான்.

லைட்டம்மா வந்து எவ்வளவு நேரம் நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது. கருவியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"மத்தவங்கல்லாம் எங்க?"

"சாப்பிடப் போயிருக்காங்கம்மா."

மணி பத்தேகால். லைட்டம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தரையில் இருந்த வெள்ளைச் சதுரங்களைப் பார்த்தாள், ஒடிந்த கட்டில்களைப் பார்த்தாள், விரிப்பின் கிழிசலைப் பார்த்தாள்.

"முந்நூறு இருக்கு" என்றாள். தாளில் எழுதிக்கொண்டாள். கேட்காரன் எலி என்று ஏதோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.

படியேறப் போனவள் நின்றாள். "எத்தனை மாசமாச்சு ஐயா?"

"மூணு."

"வீட்டுல தெரியாதா?"

"தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா அவ சுமக்கப் போயிடுவா. அவ கழுத்து தாங்காது."

லைட்டம்மா கொஞ்ச நேரம் கருவியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "உங்க படத்தைத் தபால்ல போட மாட்டேன். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரோடதையும் நீங்களே எடுத்துட்டு வாங்க. கையில குடுத்துடறேன்."

அன்று மாலை வரை விளக்கு எரிந்தது. மடிப்புக்காரரும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை, இருவருடைய கருவிகளையும் தாள்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, போகும் வழியில் சைக்கிள் கடைக்குப் போனார். மாதக் கடைசி வந்துவிட்டது. மூன்றாவது சம்பளமும் வேண்டும். பழைய பாக்கியை வைத்துக்கொண்டு புதிதாக எப்படிக் கேட்பது என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்தார்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அந்தப் பதினெட்டாயிரத்து நானூத்தி அறுபது விஷயமா..."

"அது முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சுன்னா?"

"பாக்கி இல்லைன்னு அர்த்தம்."

"நான் ஒத்தைக் காசு குடுக்கலையே அண்ணே."

"நோட்டு அங்கதான் கிடக்கு. பாத்துக்கோ."

எண்ணெய்க் கறை படிந்த நோட்டைப் புரட்டினார். அவருடைய பக்கத்தில் தொகை அடித்து அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. எட்டு இடத்தில், எட்டும் சனிக்கிழமைத் தேதியில், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்து குறைந்து, கடைசியில் ஒரு சைபர். ஒரேயடியாகத் தள்ளிவிட மனசு வராமல் வாராவாரம் கொஞ்சமாகத் தள்ளியிருக்கிறார் மனுஷன் என்று மடிப்புக்காரர் நினைத்துக்கொண்டார். இத்தனை நாள் இவரைக் கஞ்சன் என்று ஊர் முழுக்கச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

"அண்ணே, இதை எப்படி நான்..."

"என்கிட்ட எதுவும் பேசாத. கிளம்பு. இந்த மாசத்துக்கு வேணும்னா வந்து வாங்கிக்கோ."

"திருப்பித் தர வழியில்லாதவனுக்கு இன்னும் குடுக்கறேங்கறீங்களே."

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தை மறுபடி சுழற்றினார். "எனக்கு என் காசு வந்தா சரி" என்று முணுமுணுத்தார். கூச்சத்தில் என்னமோ உளறுகிறார் என்று மடிப்புக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லைட்டம்மாவின் அறைக்குள் நுழைந்தபோது மடிப்புக்காரர் மூன்று மாதத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நடந்தார். கடன் இல்லை. படம் தபாலில் போகாது. மனைவி வீட்டில், நிழலில், பத்திரமாக இருக்கிறாள். இன்னும் ஒரு மாதத்தில் எங்காவது ஒரு வேலை கிடைக்காமலா போகும்.

"உக்காருங்க ஐயா" என்றாள் லைட்டம்மா. துணிப்பை மூலைக் கம்ப்யூட்டருக்குப் போய், அவருடைய கருவிகளை முதலில் செருகிப் பார்த்தார்கள். "தண்ணி குடிக்கிறீங்களா? உங்க கருவி ரெண்டும் ஒழுங்கா அளந்திருக்கு. படம் உங்களுக்கு மட்டுந்தான்."

"நீங்க நல்லா இருக்கணும்மா. அவளுக்கு மட்டும் தெரியாம இருந்தாப் போதும் எனக்கு."

மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாகச் செருகிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு யாருடைய கதையும் தெரியாது. துணிப்பையிலிருந்த இரண்டாவது பொத்தானைச் செருகினான், தாளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பென்சிலால் தலையைச் சொறிந்தான். பிறகு திரும்பாமலேயே கேட்டான்:

"மேடம், இந்த அம்மா ஏழு நாளும் 'வீட்டுக்குள்ளே'ன்னு குறி போட்டிருக்காங்க, ஆனா பொத்தான்ல ஞாயித்துக்கிழமை தவிர தினமும் எட்டேகால்ல இருந்து அஞ்சு மணி வரைக்கும் மொட்டை வெயில், நடுவுல அரை மணி நேரம்தான் நிழல், அப்படியே கட்டட வேலையில சுமக்கறவங்க படம் மாதிரி இருக்கு, இவங்களையும் அவங்க கணக்குல சேத்துடட்டுமா?"